விற்கும்போது உண்மை, கேட்டால் கதை

நம் பதிப்பகத்தின் போன வாரக் கூட்டத்தில் உங்களில் ஒருவர் ஒரு மொழிபெயர்ப்பை மேசைமேல் வைத்தார். அமெரிக்காவில் மார்மன் என்ற மதப்பிரிவைச் சேர்ந்த குடும்பங்களைப் பற்றிய ஆங்கில நாவல். ஒரு கிழவனுக்கு ஏழெட்டு மனைவிகள், பூட்டிய அறையில் ஒரு பெண், சுவரேறி வந்து அவளை மீட்கும் காதலன். "விறுவிறுன்னு போகுது சார்" என்றார். அந்தக் குடும்பங்கள் இப்படித்தானா, அந்தப் பெண்கள் இப்படித்தானா என்று கேட்டேன். "கதைதானே சார்? அதோட மார்மன்காரங்க நம்மூர்ல யார் இருக்காங்க? யார் வந்து கேக்கப் போறாங்க?" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். இந்தக் கிழவனுக்கு மூச்சு முட்டுகிறது என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தீர்கள். மூச்சு முட்டவில்லை. கோபம். அதே வார்த்தைகளை, கிட்டத்தட்ட அதே சிரிப்போடு, வெள்ளைக்காரன் காலத்தில் சேலத்தில் ஒரு வாரப்பத்திரிகை அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். அதன் பிறகு நடந்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த நாவலைப் போடுவதும் போடாததும் உங்கள் பாடு. நான் ஓய்வு பெற்றவன். ஆனால் இதைக் கேட்காமல் முடிவெடுக்காதீர்கள்.

என் அப்பா ஏற்காட்டு மலையில், வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் கம்பவுண்டர். நான் அங்கே வளர்ந்தவன். கீழ்நாட்டிலிருந்து வந்து, லயம் என்கிற எஸ்டேட் வரிசைவீடுகளில் இருந்தவர்களோடும், தலைமுறை தலைமுறையாக மலையிலேயே தினை, சாமை விதைத்துப் பிழைத்த மலைக்காரர்களோடும் பழகியவன். அப்பா காலமான பிறகு சேலத்துக்கு இறங்கி அந்தப் பத்திரிகையில் உதவியாசிரியனாகச் சேர்ந்தேன். அங்கிருந்த ஆசிரியர் பெரிய படிப்பாளி. ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் சும்மா உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார். எனக்குத் தமிழ் எழுதக் கற்றுத்தந்தவர் அவர்தான். அவர் மேல் எனக்கு இன்னும் ஆறாத கோபம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தெரியாமல் செய்தவர் இல்லை.

அப்போது பேர் பெற்ற தொடர்கதை எழுத்தாளர் ஒருவரை ஆசிரியர் ஏற்காட்டுக்கு அனுப்பினார். மலைவாழ்வைப் பற்றி ஒரு தொடர் வேண்டும் என்பது ஏற்பாடு. எழுத்தாளர் ஒரு துரையின் பங்களாவில் விருந்தாளியாகத் தங்கினார். சீட்டாடினார், ஏரியில் படகில் போனார். மலைக்காரர் ஊர் எதற்குள்ளும் அவர் கால் வைக்கவில்லை. இதை நான் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. திரும்பி வந்ததும் அலுவலகத்தில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு அவரே சொன்னார்.

"பங்களா அலமாரியில ஒரு இங்கிலீஷ் நாவல் கிடைச்சுதய்யா. அமெரிக்காவுல மார்மன்னு ஒரு கூட்டமாம். ஒவ்வொருத்தனுக்கும் ஊருப்பட்ட பெண்டாட்டி. அப்படியே தூக்கி இங்க வெச்சுட்டேன். அங்க பாலைவனம், இங்க மலை. அங்க பாதிரி, இங்க ஊர்த்தலைவன். பேரை மட்டும் மாத்தினாப் போதும்."

தொடர் ஆரம்பித்தது. நாயகிக்கு மலைக்கொடி என்று பேர். மலையில் ஒருத்திக்கும் அப்படிப் பேர் கிடையாது. அவளுடைய ஊரில் பெண்கள் புருஷனை விட்டுப் புருஷனுக்குத் தாவுவார்கள். மலையேறி வருகிற எவனைக் கண்டாலும் சிரித்து அழைப்பார்கள். ஊர்த்தலைவன் இளம்பெண்களைக் குகையில் பூட்டிவைப்பான். படிக்கப் படிக்க எனக்கு உடம்பு எரிந்தது. ஆசிரியரிடம் போய், "மலைக்காரங்க இப்படி இல்லீங்க சார். ஒத்துவரலைன்னா ஊர்க்கூட்டத்துல சொல்லித் தீர்த்துக்கிட்டு, ரெண்டாவது கல்யாணம் பண்ணிக்குவாங்க. அது அவங்க முறை. அதுல ஒளிவு மறைவு ஒண்ணும் இல்லை. குகையெல்லாம் எங்கேயும் கிடையாது" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தவே இல்லை. "அவங்க யாரும் பத்திரிகை படிக்கிறதில்லப்பா. யார் வந்து கேக்கப் போறா?"

அது மட்டும் இல்லை. தொடருக்கு வரவேற்பு கூடியதும், தலைப்புக்குக் கீழே "ஏற்காட்டு மலையில் நேரில் கண்ட உண்மை வரலாறு" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். எழுத்தாளர் கூச்சப்பட்டார். "கதையை உண்மைன்னு போடலாமா?" என்று அவரே கேட்டார். ஆசிரியர், "விக்கும்போது உண்மை. எவனாவது கேட்டாக் கதை" என்றார்.

அதற்குப் பிறகு சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிற வாலிபர்களின் தினுசே மாறிவிட்டது. முன்பெல்லாம் குளிர்ச்சியை அனுபவிக்கவும் ஏரி பார்க்கவும் போவார்கள். இப்போது கடைத்தெருவில் நின்றுகொண்டு, விறகுக்கட்டும் பழக்கூடையுமாக வருகிற மலைப்பெண்களைப் பார்த்து "மலைக்கொடி, மலைக்கொடி" என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெண்களுக்கு முதலில் புரியவில்லை. யாரையோ தேடுகிறார்கள் என்று நினைத்து, "அந்தப் பேர்ல இங்க யாரும் இல்லீங்களே" என்று மரியாதையாகப் பதில் சொன்னார்களாம்.

வாழவந்தியைச் சேர்ந்த ஒரு பெண். ராமாயி என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பிப் பழம் எடுக்கிற காலத்தில் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போவாள். மற்ற நாளில் சொந்தக் காடு. ஒரு நாள் ஏற்காட்டுக் கடைத்தெருவுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது, ஏரிக்கு அப்பால் ஒற்றையடிப் பாதையில் நான்கு பேர் வழிமறித்தார்கள். அவர்களில் ஒருவன், சேலத்து ஜவுளிக்கடைக்காரர் மகன், அவள் கையைப் பிடித்து இழுத்தான். இடுப்பில் செருகியிருந்த அரிவாளை எடுத்து அவன் மணிக்கட்டில் போட்டாள். கை துண்டாகவில்லை. ஆனால் ஆழமான வெட்டு. வழக்கு யார் மேல் வந்தது தெரியுமா? ராமாயி மேல்.

அவளுடைய புருஷன் சின்னான் நடந்தே மலையிறங்கி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் கசங்கிய பத்திரிகை. அவருக்குப் படிக்கத் தெரியாது. கடைத்தெருவில் யாரோ படித்துக் காட்டியிருக்கிறார்கள். யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்று சொன்னாரே ஆசிரியர், அவருடைய மேசைக்கு முன்னால் வந்து நின்று கேட்டார்.

"ஏனுங்க சாமி, இத எழுதுனவரு எங்கூர்ல எந்த ஊட்டுக்கு வந்தாருங்க?"

"இது கதைப்பா. நெசமில்லை" என்றார் ஆசிரியர்.

"நெசம்னு போட்டிருக்குதுன்னு படிச்சவங்க சொல்றாங்களேங்க."

"அது... கதையில அப்படித்தான் போடுவாங்க."

"அப்படீங்களா." "கதைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சாமி. கோர்ட்டுல காட்டோணும். எங்கூட்டுக்காரியப் பத்தி அங்க என்னென்னமோ சொல்றாங்க. அவ அப்படியில்லீங்க."

ஒரு வரி. தினமும் நூற்றுக்கணக்கில் வரி எழுதுகிறவர் அந்த ஒரு வரியை எழுதவில்லை. "போயிட்டு வாப்பா, பாக்கலாம்" என்றார். சின்னான் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தக் கும்பிடு இன்னும் என் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது.

நான் பின்னாலேயே ஓடி, அவரை ராமாயிக்காக வாதாடிய இளம் வக்கீலிடம் கூட்டிக்கொண்டு போனேன். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். "இதையே கூண்டில் ஏறிச் சொல்வீர்களா?" என்று வக்கீல் கேட்டார். சொல்கிறேன் என்றேன். சேதி எப்படியோ ஆசிரியருக்கு எட்டிவிட்டது. அவர் கத்தவில்லை. "உனக்கு நல்ல கை இருக்கு. அடுத்த தொடரையே உன்னை எழுதச் சொல்லலாம்னு இருந்தேன். கோர்ட்டுக்குப் போனா அங்கிருந்தே உன் ஊட்டுக்குப் போயிரு, இங்க வராதே" என்றார்.

தம்பிகளே, தங்கைகளே, நம் தொழிலில் மிரட்டல் இப்படித்தான் வரும். பாராட்டோடு சேர்ந்து வரும். எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. தொடர்கதை எழுத வேண்டும் என்று எத்தனையோ நாள் கனவு கண்டவன் நான். அன்று அச்சுக்கூடத்துப் பின்பக்கம் நின்று யோசித்தேன். அப்போது வந்துகொண்டிருந்த தொடரை நிறுத்த என்னால் முடியாது. அச்சாகிப் போனதைத் திரும்ப வாங்கவும் முடியாது. ஒரு பெண் ஜெயிலுக்குப் போகாமல் தடுக்க மட்டும் ஏதோ செய்யலாம். செய்ய முடிந்தது அது ஒன்றுதான் என்றான பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

விசாரணையன்று எதிர்வக்கீல் எங்கள் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். ஒரு அத்தியாயத்தை ராகம் போட்டு வாசித்தார். மலைப்பெண் சிரித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று நாயகன் நினைக்கிற இடம். வாசித்து முடித்து, "என் கட்சிக்காரரைப் பார்த்து இவள் சிரித்தாள். சிரித்தாயா, இல்லையா?" என்று ராமாயியைக் கேட்டார்.

"சிரிச்சேனுங்க" என்றாள்.

கோர்ட்டில் சலசலப்பு. எங்கள் வக்கீல் முகம் வெளுத்துவிட்டது. மாஜிஸ்திரேட் வயதான மனிதர், எரிச்சலோடு, "ஏன் சிரித்தாய்?" என்று கேட்டார்.

"இவுங்களப் பாத்துச் சிரிக்கலீங்க சாமி. இவுங்க நிக்கறதே எனக்குத் தெரியாது. எங்கூட்டுக்காரரு தேனெடுக்கறேன்னு மரத்துல ஏறுனாருங்க. ஈ உதட்டுல கொட்டி, உதடு கத்திரிக்காயாட்டம் வீங்கிப்போச்சு. பேச வாயி வரல. அன்னிக்குன்னு பாத்து அவங்கக்கா சண்டைக்கு வந்துட்டாங்க. இவரு ம்ம் ம்ம்ங்கறாரு. அந்தம்மா, 'என்னடா, என்னையப் பாத்து உறுமறியா'ங்கறாங்க. எனக்குச் சிரிப்பு தாங்கல. அங்க சிரிச்சா நொம்பத் தப்பாப் போயிரும்னு, கொட்டுன எடத்துக்குச் சுண்ணாம்பு வாங்கியாறேன்னு சொல்லிட்டு கடைத்தெருவுக்கு ஓடியாந்துட்டேனுங்க. போகையிலயும் வரையிலயும் வழி நெடுக அதையே நெனச்சுத்தான் சிரிச்சேன்."

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். சின்னான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

எதிர்வக்கீல் விடவில்லை. "இவர் உனக்கு ரெண்டாவது புருஷன்தானே?"

"ஆமாங்க. மொதல்ல கட்டுனவன் குடிச்சுப்போட்டு அடிச்சான். ஊர்ல சொன்னேன். அவனையும் கூப்புட்டுக் கேட்டாங்க. பந்தத்த அத்து உட்டாங்க. பொறவு இவரக் கட்டுனேன். ஊரே வந்து சாப்புட்டுச்சு." பிறகு அவள் குரல் மாறியது. "நான் எத்தன பேரக் கட்டுனா என்னங்க? அதுக்கு இவுரு எதுக்குங்க என்ற கையப் புடிக்கோணும்? கைய உடுன்னேன். உடல. மறுக்காவும் சொன்னேன். உடல."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து நான் ஏறினேன். கதையை எழுதியவர் மலைக்காரர் வீடு எதையும் பார்த்ததில்லை என்றேன். உண்மை வரலாறு என்ற வரி அலுவலகத்தில் உட்கார்ந்து சேர்த்தது என்றேன். கதையோ அமெரிக்காவில் மார்மன்களைப் பற்றி யாரோ எழுதிய நாவலின் நகல் என்றேன். எதிர்வக்கீல் கேலியாக, "மார்மன்கள் என்றால் யார்? நீர் பார்த்திருக்கிறீரா?" என்று கேட்டார்.

"இல்லை. எங்கள் எழுத்தாளரும் பார்த்ததில்லை" என்றேன்.

"இந்தப் பெண்ணுக்காக இவ்வளவு பாடுபடுகிறீரே, உமக்கும் இவளுக்கும் என்ன?"

அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஒரு பெண்ணைப் பற்றி உண்மை பேசினால் பேசுகிறவன் மேலும் சேற்றை வீசுவார்கள். எதிர்பார்த்திருங்கள்.

கதைப்பத்திரிகையை வைத்து ஒரு மனுஷியின் நடத்தையை அளக்க முடியாது, தன்னைக் காத்துக்கொள்ளத்தான் அவள் வெட்டினாள் என்று சொல்லி மாஜிஸ்திரேட் ராமாயியை விடுவித்தார். நியாயம் கிடைத்தது என்று நினைக்கிறீர்களா? அடுத்த இதழின் அட்டையில் எங்கள் பத்திரிகை என்ன போட்டது தெரியுமா? "நீதிமன்றத்திலேயே வாசிக்கப்பட்ட பரபரப்பான தொடர்!" தீர்ப்பைப் பற்றி உள்ளே ஒரு வரி கிடையாது. பிறகு அது புத்தகமாக வந்தது, மறுபதிப்பும் வந்தது. அந்த எழுத்தாளருக்கு மாலை போட்டார்கள். தட்டிக்கேட்டவர்களிடம் அவர், "நான் கற்பனை செய்கிறவன். கற்பனைக்குக் கடிவாளம் போடாதீர்கள்" என்றாராம். கற்பனையாம்! இன்னொருவன் எழுதியதைத் திருடி, தான் பார்க்காத ஜனங்களின் தலையில் கட்டியதற்குப் பேர் கற்பனை. உண்மையான கற்பனை இருந்திருந்தால், தேனீ கொட்டிய புருஷனை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு நடக்கிற ஒருத்தியை அவரால் கற்பனை செய்ய முடிந்திருக்கும்.

எனக்கு வேலை போனது. அந்த வக்கீல் சொல்லிவைத்து, ஏற்காட்டில் ஒரு எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை கிடைத்தது. மறுபடியும் மலையேறினேன். கடைத்தெருவுக்கு வருகிற மலைப்பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நடப்பதை அப்போதுதான் பார்த்தேன். பேசும்போதும் எடுக்க மாட்டார்கள். சிரிப்பு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நான் சின்ன வயதில் பார்த்த மலையில் அந்த வழக்கம் கிடையாது. அது அச்சுக்கூடத்திலிருந்து மலையேறிய வழக்கம்.

அந்த எஸ்டேட் துரையின் பங்களாவுக்கு ஒரு அமெரிக்க மூதாட்டி உடம்பு தேற வந்திருந்தார். தபால் கொடுக்கப் போன இடத்தில் பேச்சு வந்தது. அவர் மார்மன் குடும்பத்தில் பிறந்தவர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் சொன்னார்: "என் அம்மா என் அப்பாவுக்கு இரண்டாவது மனைவி. அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதை மறைக்க மாட்டேன். அந்த ஏற்பாடு பல பெண்களை நோகடித்தது. ஆனால் அவள்தான் எங்கள் மாட்டுப்பண்ணையை நடத்தினாள். பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய்ப் பிரசவம் பார்த்தாள். அப்பாவிடம் சண்டை போட்டு என்னைப் படிக்கவைத்தாள். எங்களைப் பற்றிய நாவல்களில் எல்லாம் அவளைத் தேடியிருக்கிறேன். அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கும் ஒரு பூட்டு மாட்டிவிட்டார்கள்."

மார்மன்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். இதை வைத்து அவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்று எழுத எனக்கு உரிமை இல்லை. கெட்டவர்கள் என்று எழுதவும் இல்லை.

பழமெடுப்புக் காலத்தில் ராமாயி எங்கள் எஸ்டேட்டுக்கு வேலைக்கு வந்தாள். பேர் பதியும்போது என்னை அடையாளம் கண்டுகொண்டு, "கோர்ட்டுக்கு வந்த சாமிங்களா?" என்றாள். சின்னானை விசாரித்தேன். நன்றாக இருக்கிறாராம். சாயங்காலம் பழத்தை அளந்து போட்டுவிட்டு அவள் தனியாக நின்றபோது, வெகுநாளாக மனதில் இருந்ததைச் சொன்னேன்.

"அந்தக் கதைக்குப் பதில் நான் ஒண்ணு எழுதலாம்னு இருக்கேன். உன்னைப் பத்தி. நடந்தது நடந்தபடி."

அவள் சட்டென்று தலையை ஆட்டினாள். "வேண்டாங்க."

"ஏன்? எல்லாருக்கும் தெரியட்டுமே. நீ எப்படிப்பட்டவள்னு..."

"நீங்க என்னைய நொம்ப நல்லவளா எழுதுவீங்க. மானம் போயிருச்சேன்னு அழுதாள்னு எழுதுவீங்க. அதுவும் நானில்லீங்களே."

நிஜமாகவே அப்படி ஒரு அத்தியாயத்தை மனதுக்குள் எழுதிவைத்திருந்தேன்.

கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நான் ஒரு நாளும் அழுவலீங்க. அருவா இன்னங் கொஞ்சம் ஆழமா எறங்கியிருக்கோணும்னுதான் இன்னிக்கும் நெனக்கறேன். இத எழுதுவீங்களா?"

"எழுதறேன்" என்றேன்.

"அப்ப எழுதுங்க" என்றாள். கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாழவந்திப் பாதையில் இறங்கிப் போனாள்.